சலவைக் கடை நடனத்தின் கால் சத்தம்

நவ. 4, செவ்வாய்

சிரோக்கோ, பாலைவனக் காத்து. பல்கனி முழுக்க மஞ்சள் மண். துடைக்கத் துடைக்க வருது. யன்னலைப் பூட்டினால் வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவுக்கு மூச்சு முட்டுதாம், திறந்தால் தும்மல்.

வாங்க: பால், கத்தரிக்காய், முழங்கால் பூச்சு மருந்து. பஸ் பாஸ் புதுப்பிக்கவேணும்.

சிஞ்ஞோரா நுன்சியாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயசு. இடுப்பு முறிஞ்சு ஒப்பரேசன் செய்தபிறகு, நடைவண்டியைப் பிடிச்சுத்தான் நடை. பகல் முழுக்க நான் துணை. இரவிலை தனிய. போன மாசம் காஸ் அடுப்பை அணைக்க மறந்துபோனா. நல்லகாலம், நான் வெள்ளெனப் போனது.

வடக்கிலை தொரினோவிலை இருந்து அவவின்ரை மகன் பிராங்கோ போன். அடுத்த வியாழன் டொக்டர் வீட்டை வந்து ஞாபகசக்தி பாக்கப் போறாராம். சரியில்லையெண்டால் பகேரியாவிலை ஒரு முதியோர் இல்லம் பாத்து வைச்சிருக்கினம்.

"தான் ஒரு அமெரிக்கப் படத்திலை இருக்கிறதெண்டு சொல்லுற உந்த ஹொலிவூட் கதையையும் டொக்டருக்குச் சொல்லு நேசன். நடக்காததை நடந்ததெண்டு நம்புறா."

ஓம் எண்டன். அவ இல்லத்துக்குப் போனால் எனக்கு வேலை இல்லை. பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டிலை இருக்கிற அனுமதி, புதுப்பிக்கிறதும் சிக்கல்தான். அதை விட, அவவுக்கு அந்த இடம் பிடிக்காது. இது எனக்குத் தெரியும்.

பின்னேரம் நான் கத்தரிக்காய் வெட்டேக்கை சிஞ்ஞோரா மேசையிலை விரலாலை தட்டிக்கொண்டே இருந்தா. வழமையாத் தட்டுறவதான். இண்டைக்குத்தான் கவனிச்சன், அது சும்மா தட்டில்லை. ஒரு ஒழுங்கு இருக்கு.

நவ. 5, புதன்

காத்து நிண்டிட்டுது. வெயில்.

கேட்டே போட்டன். "சிஞ்ஞோரா, அந்தப் படத்திலை நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"நான் நிக்கேல்லை."

"அப்ப?"

"என்ரை கால்."

கிட்டவாக் காட்டுற கால் ஆக்கும் எண்டு நினைச்சன். சிரிச்சா. "காலும் அவளின்ரைதான், அந்தக் கதாநாயகியின்ரை. கால் சத்தம் மட்டும் என்ரை."

எனக்கு விளங்கேல்லை. விளங்கப்படுத்தினா. பதினேழு வயசிலை கலிபோர்னியாவிலை இருந்த மாமியிட்டைப் போனவ. அங்கை படங்களிலை பின்வரிசையிலை ஆடுற வேலை. மூக்கு பெரிசெண்டு முன்வரிசைக்கு எடுக்கேல்லையாம். (மூக்கு பெரிசுதான்.) பாட்டுப் படத்திலை பாட்டை முதலே பதிஞ்சு வைச்சிடுவினம். ஆட்டம் எடுக்கேக்கை பெரிய ஸ்பீக்கரிலை பாட்டுப் போகும், டைரக்டர் கத்துவார், ஆள் ஆளுக்கு ஓடுவினம். காலடிச் சத்தத்தை அதுக்குள்ளை பதியேலாது. அதாலை எல்லாம் எடுத்து முடிய, ஒரு சின்ன அறை. முன்னாலை திரை, காதிலை கருவி, காலுக்குக் கீழை பலகை, சப்பாத்திலை இரும்புத் தகடு. திரையிலை அவள் ஆடுறதைப் பாத்து இவ ஆடவேணும். ஒரு தட்டும் முந்தக்கூடாது, பிந்தக்கூடாது.

"அவள் தன்ரை காலுக்குத் தானே ஆடலாமே?"

"அவள் அடுத்த படத்துக்குப் போட்டாள். வெளியிலை சொல்லாதை எண்டு எனக்குச் சொன்னவை."

படக் கதை: கலியாணம் பிடிக்காத பணக்காரப் பெட்டை ஒரு சலவைக் கடையிலை ஒளிச்சு வேலை செய்யிறாள். ஹோட்டல்காரரின்ரை சேர்ட்டுகள் மாறிப்போகுது. ஒரே குழப்பம். கடைசியிலை அயன் மேசைகளுக்கு மேலை ஏறி ஒரு ஆட்டம். மூண்டு மேசை. முதலாவது துணி விரிச்சது, ரெண்டாவது வெறும் பலகை, மூண்டாவது தகரம். மூண்டுக்கும் மூண்டு விதமான சத்தம்.

பிரான்காச்சோவிலை எங்கடை வீட்டுக்கு வந்து சுமதியிட்டைச் சொன்னன். என்ரை மனிசிக்கு உடனை விளங்கிட்டுது.

"எங்கடை படத்திலை பாட்டை இன்னொராள் பாடுற மாதிரி, அங்கை நடையை இன்னொராள் நடக்கிறது. வேறையென்ன?"

"உண்மையா இருக்குமோ?"

"அவ்வளவு விபரமாப் பொய் சொல்ல ஏலுமே?"

ஏலும். சொல்லுற ஆக்களை எனக்குத் தெரியும்.

நவ. 7, வெள்ளி

படம் இன்ரநெற்றிலை கிடைச்சிட்டுது! இத்தாலியன் பதிப்பு. சிஞ்ஞோராவை (இனிச் சுருக்கமா சி.) பெரிய டிவிக்கு முன்னாலை இருத்தி, தலைமயிர் வாரி, நல்ல உடுப்புப் போட்டு (அவதான் கேட்டவ), போட்டன்.

முதல் பாதி நல்லாச் சிரிச்சா. அயன் மேசை ஆட்டம் வந்தது. கையைத் தூக்கி வைச்சிருந்தா, தட்டுறதுக்கு. தட்டேல்லை. கை அப்பிடியே நிண்டது.

"இது நானில்லை."

"சிஞ்ஞோரா?"

"நிப்பாட்டு. நானில்லை. இது வேறை ஆரோ."

அழுதா. மத்தியானம் சாப்பிடேல்லை. பிறகு கதவைச் சாத்தச் சொன்னா.

மகன் சொன்னது சரிதான் போலை. ஏன் போட்டன் எண்டிருக்கு. பஸ்ஸிலை ஒருத்தரோடையும் கதைக்க மனமில்லை.

நவ. 8, சனி

பிராங்கோ வந்திட்டார். டொக்டர் வரும் மட்டும் நிப்பாராம். அறுபத்தைஞ்சு வயசு மனிசன், தாயின்ரை மூக்கு அப்பிடியே.

நேற்று நடந்ததை மறைக்கேல்லை. சொன்னன். குசினியிலை கோப்பி போட்டபடி கேட்டார்.

"உன்னட்டையும் அந்தப் படத்தைப் போடச் சொன்னாவோ?"

"இல்லை, நான்தான் காட்டினது."

கோப்பியை அடுப்பாலை இறக்கி வைச்சிட்டுச் சொன்னார். எட்டோ ஒம்பதோ வயசிலை, சேர்ச் மண்டபத்திலை இதே படம் வந்ததாம். அம்மா அமெரிக்கப் படத்திலை இருக்கிறா எண்டு வகுப்பு முழுக்கச் சொல்லி, எல்லாரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். படம் முடிஞ்சுது. அம்மா ஒரு இடத்திலையும் இல்லை. பொடியள் வெளியிலை நிண்டு, "எங்கை உன்ரை அம்மா? சலவை வாளிக்குள்ளையோ?" எண்டு கேட்டிருக்கிறாங்கள். வருசக் கணக்கிலை அவருக்குப் பட்டப்பெயர் 'வாளி'.

"அம்மா என்ன சொன்னவ?" எண்டு கேட்டன்.

"ஒண்டும் சொல்லேல்லை. எனக்குப் பக்கத்திலைதான் இருந்தவ. ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

இந்த மனிசனிலை எனக்கு இவ்வளவு நாளும் ஒரு கோவம் இருந்தது. இண்டைக்கு இல்லை.

நவ. 9, ஞாயிறு

லீவு. மழை. உடுப்புக் காயாது.

சுமதி கட்டிலிலை இருந்து போனிலை அந்தப் படத்தைப் பாத்தவ. நான் மரக்கறி துப்பரவாக்கினபடி.

"இஞ்சாருங்கோ, உவளின்ரை வாயும் கதையும் ஒத்துவரேல்லை."

"இத்தாலியனுக்கு மாத்தினது. இங்கிலிசுப் படமெல்லே."

"குரலை மாத்தேக்கை, காலையும் மாத்தியிருப்பினமோ?"

கத்தியை வைச்சிட்டன். ஏன் எனக்கு இது வரேல்லை!

தேடினோம். இங்கிலிசுப் பதிப்பும் கிடைச்சுது. ரெண்டையும் மாறி மாறிக் கேட்டோம், ஆளுக்கொரு காதிலை வயர். பாட்டு ரெண்டிலையும் ஒண்டுதான். கால் சத்தம் ஒண்டில்லை! இத்தாலியனிலை கணீர் கணீர் எண்டு நேரா விழுகுது. இங்கிலிசிலை ஒவ்வொரு தட்டுக்கும் முன்னாலை சின்னதா ஒரு உரசல், மூச்சு எடுக்கிற மாதிரி. சி. மேசையிலை தட்டுறதும் அப்பிடித்தான். நகத்தாலை ஒரு இழுவை, பிறகு தட்டு.

மரக்கறி கறுத்துப்போச்சு. சுமதி ஏசேல்லை.

நவ. 10, திங்கள்

இதை ஆறுதலா எழுதவேணும்.

பிராங்கோவிட்டை முதலே சொன்னன். "இன்னொருக்கா ஏன் அழவைக்கிறாய்?" எண்டார். சத்தம் போடாமல் படத்தை மட்டும் காட்டுவம், அவ விரும்பினால் தட்டட்டும் எண்டன். தோளைக் குலுக்கிப்போட்டு வாசல்கரையிலை நிண்டார். இருக்கேல்லை.

இங்கிலிசுப் பதிப்பு. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு மூண்டு மேசையும் வாற இடத்துக்குக் கொண்டுபோனன். கீழை வியா மக்வேதா ரோட்டிலை ஆரோ வாத்தியம் வாசிச்சுக் காசு சேர்க்கிறான், யன்னலைச் சாத்தினன்.

சி. திரையைப் பாத்தா. கை தன்பாட்டிலை எழும்பினது. முதலாவது மேசைக்குத் தன்ரை மடியிலை தட்டினா, துணிச் சத்தம். ரெண்டாவதுக்கு மேசைப் பலகை. மூண்டாவதுக்குத் தேத்தண்ணித் தட்டத்தை எட்டி இழுத்தா. தகரம்! கண் திரையை விட்டு அசையேல்லை.

நடுவிலை கை நிக்காமலே சொன்னா: "இப்ப ஒரு பிழை வரும். அவள் காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிப்பாள். நான் வழுக்கி ஒரு தட்டுத் தட்டிப்போட்டன். பின்னேரம் அறையை வேறை ஆக்களுக்கு விடவேணும், அதாலை திருப்பி எடுக்கேல்லை. விட்டிட்டினம்."

திரையிலை அவள் காலைத் தூக்கினாள். சி. தட்டத்திலை ஒரு தட்டு.

நான் படத்தைப் பின்னுக்கு இழுத்து, சத்தத்தைக் கூட்டினன். ரெண்டாவது மேசை. மூண்டாவது. சி.யின்ரை தட்டும் படத்தின்ரை தட்டும் ஒண்டாப் போச்சுது, எது எதெண்டு பிரிக்கேலாது. அவள் காலைத் தூக்கினாள். கால் அந்தரத்திலை. 'டக்.'

காலில்லாத ஒரு சத்தம்.

பிராங்கோ வாசலிலை இருந்து வந்து, "திரும்பப் போடு" எண்டார். போட்டன். "திரும்ப." பிறகு தாயின்ரை கதிரைக்குப் பக்கத்திலை நிலத்திலை குந்தினார்.

"அம்மா, அண்டைக்கு மண்டபத்திலை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நானும் அண்டைக்குத்தான் முதல்தரம் இத்தாலியனிலை கேட்டனான். இருட்டுக்குள்ளை இருந்து பாத்துக்கொண்டிருந்தன், என்ரை சத்தத்தை எடுத்துப்போட்டு வேறை சத்தம் போட்டிருக்கினம். என்ரை பிள்ளை பெருமையாப் பக்கத்திலை இருக்கிறான். நானே இல்லாத படத்திலை நான் இருக்கிறன் எண்டு எப்பிடிச் சொல்ல?"

அவர் தாயின்ரை கையைப் பிடிச்சு முகத்திலை வைச்சுக்கொண்டார். நான் குசினிக்குப் போட்டன். தண்ணி கொதிக்க வைச்சன், ஒண்டுக்கும் இல்லை.

நவ. 13, வியாழன்

குளிர் தொடங்கிட்டுது. டொக்டர் வந்தவ, பொம்பிளை, இளம் ஆள், அவசரமில்லாமல் கதைச்சவ.

இண்டைக்கு என்ன மாசம்? "ஏப்ரல்." எந்த மாடி? "கீழ்." (மூண்டாம் மாடி.) காட்டின மூண்டு அட்டைப் படத்திலை ஒண்டுதான் ஞாபகம். என்னை ஒருக்கா 'பிராங்கோ' எண்டு கூப்பிட்டா.

ஹொலிவூட் கதை வந்தது. டொக்டர் எழுத வெளிக்கிட்டா. பிராங்கோ, "அதை எழுதாதேங்கோ, அது உண்மை" எண்டார். டொக்டர் பேனையை வைச்சிட்டு முழுக்கக் கேட்டா. காலில்லாத சத்தத்தையும் போட்டுக் காட்டினோம்.

போகேக்கை சொன்னதெண்டால்: மறதி உண்மைதான். இன்னும் கூடும். இரவிலை தனிய விடேலாது.

அதாலை ஒரு படம் ஒண்டையும் மாத்தேல்லை எண்டும் சொல்லலாம். ஆனால் பிராங்கோ பகேரியாவுக்குப் போன் அடிச்சு, இப்போதைக்கு வேண்டாம் எண்டிட்டார். காஸ் அடுப்பை எடுத்துப்போட்டுக் கரண்ட் அடுப்பு. பின் அறையிலை நானும் சுமதியும் வந்து இருக்க ஏலுமோ எண்டு கேட்டார். "கட்டாயமில்லை. யோசிச்சுச் சொல்லு."

சுமதி யோசிக்கேல்லை. "யன்னல் இருக்கோ?" எண்டு மட்டும் கேட்டவ. ஓம், இருக்கு.

நவ. 16, ஞாயிறு

பிரான்காச்சோவிலை இருந்து சாமான் ஏத்தினோம். சாமிப் படம், குக்கர், மிளகாய்த்தூள் போத்தல் (மூடி கழண்டு பையெல்லாம் தூள்). பிராங்கோ நேற்றே தொரினோ போட்டார். காலமை போன் எடுத்துத் தாயோடை கனநேரம் கதைச்சவர்.

சி.க்குத் திங்கட்கிழமை நடந்தது ஞாபகமில்லை. படம் எப்ப காட்டுவாய் எண்டு கேக்கிறா. மத்தியானம் போட்டன், மூண்டு பேரும் இருந்து பாத்தம். தட்டினா. சந்தோசம்.

முடிய சுமதி மெதுவாக் கேட்டவ: "அந்த மற்றச் சத்தம், இத்தாலியன், அது ஆராம்?"

இதைக் கேக்கலாமோ எண்டு பயம் எனக்கு. அது சி.யின்ரை காதிலை விழுந்திட்டுது. "போடு" எண்டா. போட்டன். இந்தமுறை அழேல்லை. காதைச் சரிச்சு, மூண்டாவது மேசை முடியும்வரைக்கும் அசையாமல் கேட்டா.

"இவளும் ஒரு அறைக்குள்ளை நிண்டுதான் ஆடியிருப்பாள். ரோமிலை. பாவம், இவளின்ரை பேரும் ஒருத்தருக்கும் தெரியாது."

பிறகு சுமதியின்ரை கையைத் தட்டி:

"தகரத்திலை என்னைவிட நல்லாச் செய்யிறாள். இன்னொருக்காப் போடச் சொல்லு."