நான் ஏற முடியாத என் வண்டி

அன்பு மகன் ஷாகிருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும், முட்டியை நீக்கிப் பார்த்தால், நலமாக இருக்கிறோம். அந்த வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க துஆச் செய்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் வாட்ஸ்அப்பில் பேசினால் உன் அத்தா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்கிறார், நீ அனுப்பும் பதிலை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவில் போகிறவர்களையும் கேட்க வைக்கிறார். காகிதத்துக்கு ஸ்பீக்கர் இல்லை. அதனால் சனிக்கிழமை தோஹாவுக்கு விமானம் ஏறும் சுஐபிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மேலே நெத்திலிக் கருவாடு, அடியில் கடிதம். இடையில் யாரும் பிரித்துப் படிக்கத் துணிய மாட்டார்கள்.

நம் வேனுக்கு நீ கார்கோவில் அனுப்பிய நான்கு பெரிய சக்கரங்களும் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. ஆனால் கூடவே, டயரை அங்கேயே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தாய், அங்கேதான் வினை தொடங்கியது. சக்கரங்களை அத்தா ஹாலில் வரிசையாகச் சாய்த்து, மேலே பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தி வைத்தார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். உன் நிக்காஹ் சமயத்தில் பெண்ணைக்கூட இவ்வளவு பேர் வந்து பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டவள் நான் என்பதால் சொல்கிறேன். இந்த வேன் எதற்காகக் கட்டப்பட்டது என்பது உனக்கு நினைவிருக்கும், இங்கே அது எல்லோருக்கும் மறந்துவிட்டது. என் முட்டி மடங்காது. பஸ் நிற்கும் ஊர்களில் மடங்காத முட்டிக்காரர்கள் ஒதுங்க இடமில்லை. ஆகவே கட்டிலும் உட்காரும் கழிப்பறையும் வைத்த ஒரு வண்டியில் என்னை வால்பாறைக்குக் கூட்டிப்போய் அஸ்பியாவின் பிள்ளையைக் காட்டுவதாகத்தான் ஏற்பாடு. குட்டி இஃப்ராவுக்குத் தலை நின்றுவிட்டது, குப்புற விழப் பார்க்கிறாளாம். போனில் எனக்கு அவளுடைய நெற்றி மட்டும்தான் தெரிகிறது. உன் தங்கைக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரிகிறது, போனைப் பிடிக்கத் தெரியவில்லை. போன லீவில் நீ என் தையல் டேப்பால் நம் வாசற்படியை அளந்து, அதே உயரத்தில் வண்டிக்குப் படி வைக்கச் சொன்னாய். அந்தப் படியில் நான் ஒருவர் கையையும் பிடிக்காமல் ஏறினேன். நல்ல காரியம் செய்தாய் மகனே. பிறகு சக்கரம் அனுப்பினாய்.

டயர் தேர்வுக்கு ஒரு கமிட்டி அமைந்தது. தலைவர் உன் அத்தா. உறுப்பினர்கள், படகுக்காரர் சலாஹுதீனும் என் அண்ணன் மகன் காஜா நவாஸும். சலாஹுதீன் வாழ்நாளில் ஓட்டிய எதற்கும் சக்கரம் இருந்ததில்லை. காஜா நவாஸ் வீடியோ பார்த்து அறிவு பெற்றவன், வடநாட்டில் யாரோ ஒருவன் பனிமலையில் ஜீப் ஏற்றுவதைக் கண்டு பனிமலைக்கு என்ன டயர் போடுவது என்பதில் தேறியிருந்தான். மூவரும் ராமநாதபுரத்தில் வேல்சாமியின் டயர் கடைக்குப் போனார்கள், மறுபடி போனார்கள், அப்புறம் ஒரு நாள் பிரியாணி பொட்டலத்தோடு போனார்கள். சக்கரம் பெரிசானதால் ரப்பர் பக்கம் குட்டையான டயர் போட்டால் மொத்த உயரம் பழையபடியே நிற்கும் என்று கடையில் ஒரு வகையைக் காட்டியிருக்கிறார்கள். அத்தா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். இவ்வளவு பெரிய சக்கரத்துக்கு இந்த டயரா, பயில்வானுக்குப் பாப்பா செருப்பு மாட்டுனாப்ல இருக்கும்ல என்றாராம். சலாஹுதீன், அல அடிச்சாலும் உள்ள தண்ணி ஏறக் கூடாது மச்சான், தூக்கலாவே போடு என்றாராம். காஜா நவாஸ் என்னிடம் வந்து, மாமி இதப் போட்டா பாலைவனத்துலயே ஓடும் என்றான். வால்பாறையில் பாலைவனம் இருப்பதாக அஸ்பியா இதுவரை சொல்லவில்லை. இப்படியாக, உடும்புத் தோல் போல முண்டு முண்டாக, என் இடுப்பளவுக்கு நிற்கும் நான்கு டயர்கள் வந்து மாட்டப்பட்டன. வண்டி அரைச் சாண் உயர்ந்தது. கமிட்டி முழுச் சாண் உயர்ந்தது.

பழைய டயர் என்னாயிற்று என்று கேட்பாய். நம் ஊரில் கழற்றிய டயர் தரையில் ஒரு நாள் தங்குமா. அன்று சாயங்காலமே சலாஹுதீன் அவற்றை எடுத்துப்போய், படகு ஜெட்டிச் சுவரில் இடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டு, மறுநாள் கடலுக்குப் போய்விட்டார். நம் வீட்டிலிருந்து கடலை நம்பிப் பிழைக்கப் போனவர்களில் அவையும் சேர்ந்துவிட்டன. ஆக, பழையதையே மாட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. புதியதில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசிக் கரகரவென்று தேங்காய் துருவுகிறது. இதற்குக் காஜா நவாஸ் கண்ட மருந்து, முழுசா ஒடிக்காம ஓட்டுனா உரசாது மாமா என்பது. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒடிக்காமல் போனால் முதல் வளைவிலேயே எல்லோருக்கும் பயணம் இனிதே நிறைவுறும்.

போன வியாழக்கிழமை என்னை ஏற்றிப் பார்த்தார்கள். வாசற்படி உயரத்தில் இருந்த உன் படி இப்போது திண்ணை உயரத்துக்குப் போய்விட்டது. முதலில் முக்காலி போட்டார்கள், அது ஆடியது. பிறகு சலாஹுதீன் தம் மீன் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார். அதன்மேல் நான் நின்றதும் தெருவே கூடிவிட்டது. பெட்டிமேல் எதை வைத்தாலும் ஏலம் என்று நினைத்து நின்று பழகிய ஜனங்கள், பாவம். காஜா நவாஸ் உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுக்க, அத்தா வெளியே நின்று யோசனைகளாலேயே தாங்கிப் பிடித்தார். வலது கால் ஏறிவிட்டது. இடது கால் வர மறுத்தது. கொஞ்ச நேரம் பாதி வால்பாறையிலும் பாதி தொண்டியிலுமாக நின்றேன். பிறகு தொண்டிப் பக்கமே இறங்கிவிட்டேன். பழகப் பழகச் சரியாப் போயிரும் ஹமீதா என்றார் உன் அத்தா. அறுபது தாண்டிட்டேன், இனிமேத்தான் ஒட்டகம் ஏறப் பழகப் போறேனா என்று கேட்டேன். ஒட்டகம் உட்காரும், இது உட்காராதே என்று சலாஹுதீன் சந்தேகத்தைத் தெளிவித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கமிட்டி மட்டும் சோதனை ஓட்டமாக தனுஷ்கோடிக்குப் போய்வந்தது. மணலில் இறங்கும்போது டயரில் கொஞ்சம் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது காஜா நவாஸ் பார்த்த வீடியோவில் இல்லை போலிருக்கிறது, பனிமலையில் மணல் ஏது. பாலைவனத்து டயர் அச்சு வரை புதைந்துவிட்டது. இராமேஸ்வரத்துக்கு மீன் ஏற்றிப் போன ஒரு குட்டி டெம்போ கயிறு கட்டி இழுத்துவிட்டதாம். எனக்காக வைத்த கழிப்பறையையும் என்னைத் தவிர எல்லோரும் உபயோகித்துப் பார்த்து, நன்றாக இருப்பதாகச் சான்று கொடுத்தார்கள்.

நான் டயர் கடை காலண்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். வேல்சாமி எடுத்ததும், அய்யா இல்லையாம்மா என்றார். அய்யா மணலைக் கழுவுகிறார், நான் பேசலாமா என்றேன். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகவே பதில் சொன்னார். அந்தக் குட்டை டயர் இன்னும் கடையில் இருக்கிறதாம். பழைய உயரமே வருமாம், உரசாதாம். ஆனால் கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் சுமக்கிற வண்டி என்பதால், டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் பார எண் பழைய டயருக்குக் குறையாததாகப் பார்த்து எடுக்க வேண்டுமாம். முண்டு டயரைக் கமுதியில் ஒரு ஜீப்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார், கொடுத்தால் வாங்கிக்கொள்வார் என்றார். இதையெல்லாம் மூன்று தடவை வந்தவர்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்றேன். வண்டி மாஸா நிக்கணும்னு கேட்டாக, குடுத்தேன், வண்டியில யாரு ஏறப் போறாகன்னு ஒரு ஆளும் சொல்லலையேம்மா என்றார்.

இதை நான் அத்தாவிடம் சொன்னால் நடக்காது. டயரைப் பற்றிய யோசனை நம் வீட்டில் அடுப்படியிலிருந்து புறப்பட்டால் ஹாலைத் தாண்டாது. தோஹாவிலிருந்து புறப்பட்டால் மறுபேச்சில்லாமல் உள்ளே வரும். அதனால் நீ போன் செய்து, அங்கே பெரிய வண்டிகளுக்கெல்லாம் இப்போது குட்டை டயர்தான் என்று உன் யோசனையாகவே சொல். உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சாலையில் அப்படி ஒரு வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் போன் செய். காஜா நவாஸுக்கும் குட்டை டயர் வீடியோ ஏதாவது அனுப்பிவை, பிள்ளை இரண்டு நாளில் கட்சி மாறிவிடுவான்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்று நீ அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, ஏன் என்று சொல்கிறேன். தனுஷ்கோடியிலிருந்து வந்த அன்று நான் அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தேன். மற்ற இருவரும் இறங்கிப் போன பிறகும் அத்தா வண்டிக்குள்ளேயே இருந்தார். தெருவில் யாரும் இல்லை என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, திரும்பி நின்று, கதவைப் பிடித்து, ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாக ஒரு காலைத் தொங்கவிட்டுத் தரையைத் தேடினார். தரை கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. இறங்கியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, டயரில் காற்றுப் பார்ப்பவர்போலக் குனிந்தே நின்றார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். அன்றிலிருந்து வண்டியைக் கழுவுகிறார், துடைக்கிறார், ஏறுவதில்லை. ஆகவே நீ பாதி சொல்லும்போதே சரி என்பார். ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டார் என்று கேட்காதே. உங்கம்மா ஏறணும்ல, அவளுக்காகத்தான் மாத்துறேன் என்பார். ஆமாம் அத்தா என்று சொல்.

தொழுகையை விடாதே, ராத்திரி முழிக்காதே, அல்லாஹ் உன் சம்பாத்தியத்திலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. வரும்போது சாக்லேட்டைக் குறைத்துக்கொள், கோடாலித் தைலம் இரண்டு புட்டி வாங்கிவா. இரண்டும் அம்மாவுக்கு என்றே சொல்லிக் கொடு. எனக்கு ஒன்று போதும்.

இப்படிக்கு, தொண்டியில் தரையில் நின்றபடி,
உன் அம்மா
ஹமீதா பானு