அண்ணா, ஒரு வெளிநாட்டுக்காரருக்காக நிற்கிறேன்

நினைவில் நீங்காத என் அண்ணாவுக்கு,

இங்கே கல்லடியில் எல்லோரும் சுகம். நீதிமன்றத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

பாசிக்குடா ஹோட்டலொன்றில் பிகாஸ் என்ற நேபாளப் பிள்ளை சமையல் வேலை செய்கிறார். வெளிநாட்டுக்காரர் நம் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியிருந்தது. போன வருஷம் கல்குடாக் கடற்கரையில் மூன்று பேர் அவரை மறித்து, உன் நாட்டுக்குப் போ என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். கை முறிந்துவிட்டது. பேசாமல் ஊருக்குப் போய்விடு என்றது ஹோட்டல்.

நீங்கள் உழைக்கப்போன தேசத்தில், பஸ் தரிப்பில் வைத்து உங்களை அடித்தவர்களும் அதையேதானே சொன்னார்கள்? விசா போய்விடும் என்ற பயத்தில் நீங்கள் முறைப்பாடே கொடுக்கவில்லை. பிகாசுக்கும் அதே பயம். அடிபட்டவர் எந்த நாட்டவராக இருந்தாலும் முறையிடலாம் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். சட்டத்தின் முன் பிரஜைகள் சமம் என்று மட்டும் நம் அரசியலமைப்பு எழுதவில்லை. ஆட்கள் எல்லோரும் சமம் என்றே எழுதியிருக்கிறது. 'ஆட்கள்' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பொலிஸிலும் ஹோட்டலிலும் வாதாடினேன். ஹோட்டலும் இறங்கிவந்து அவரை வேலையில் வைத்துக்கொண்டது.

அடித்தவர்களில் ஒருவன் பெரியப்பாவின் மருமகன். சமாதானமாகப் போகச் சொல்லிப் பெரியப்பா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நம்மட பொடியன விட்டுப்போட்டு ஆரோ ஒருத்தனுக்கு நிக்கிறாயா புள்ள?"

"அண்ணாக்கு அங்க ஒருத்தரும் நிக்கல்லயே பெரியப்பா."

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். கோபமா, யோசனையா?

நடந்ததைக் கண்டவர், கடற்கரையில் மீன் விற்கும் ரீட்டா அக்கா. வாய் திறந்தால் யாரும் உன்னிடம் மீன் வாங்கமாட்டார்கள் என்று அடித்தவர்களின் பக்கத்து ஆட்கள் அவரை மிரட்டினார்கள். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் காக்கும் சட்டத்தின் கீழ் அவருக்கும் பிகாசுக்கும் பாதுகாப்புக் கேட்டேன், கிடைத்தது. இன்று ரீட்டா அக்கா சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார்: "அந்தப் புள்ள கையெடுத்துக் கும்பிட்டும் அடிச்சாங்க. என்ட கண்ணால கண்டன்."

பிறகு பிகாஸ் ஏறினார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அடித்தவர்களைக் காட்டச் சொன்னபோது மட்டும் பிகாசுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. தலை நிமிர்ந்து, ஒவ்வொருவராகக் கைநீட்டிக் காட்டினார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரும், வெல்வோம் என்றே நினைக்கிறேன். எப்படி வந்தாலும் அண்ணா, வேற்று நாட்டவர் என்பதற்காக இந்தக் கரையில் அடிபடும் எவரும் இனி முறைப்பாடு கொடுக்கத் தனியே போகமாட்டார்கள். நான் கூடப் போவேன்.

உங்களுக்குப் பின் பிறந்த தங்கச்சி,
சுகந்தி