இருநூற்றுப் பதினேழாம் பக்கத்துக் கை

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். நான் நடமாட்டமாக இருக்கிறேன், முழங்கால்தான் படி ஏறும்போது வம்பு பண்ணுகிறது. உன் மகள் வேளைக்குச் சாப்பிடுகிறாள், வேளைக்குத் தூங்குவதுதான் கிடையாது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சின்னவன் பேச்சை எடுத்தாலே அப்புறம் கூப்பிடறேம்மா என்று போனை வைத்துவிடுகிறாய். அவன் போய் நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது, உன் தம்பியைப் பற்றி உன் வாயிலிருந்து ஒரு சொல் நான் கேட்டதில்லை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். உட்கார்ந்து முழுக்கப் படி.

உன் மகள் வேலை பார்க்கிற பதிப்பகத்தில் அந்தக் காலத்துப் பெரிய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, பழைய எழுத்து பழைய தாள் நிறம் எல்லாம் அச்சு அசலாக அப்படியே மறுபடி அச்சடிக்கிறார்கள். தோல் அட்டை, மரப்பெட்டி, விலை கேட்டால் தலை சுற்றும். முந்நூறு பிரதிதான் போடுவார்களாம். படத்தில் விழுந்த கறை, பூச்சி அரித்த ஓட்டை, வாசித்தவர்கள் கிறுக்கியது இதையெல்லாம் கம்ப்யூட்டரில் துடைத்து எடுப்பது உன் மகள் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுடைய பேத்தி, பெரிய பெரிய படிப்பாளிகள் வாங்குகிற புத்தகத்துக்கு முகம் துடைத்துவிடுகிறாள் என்று எதிர் வீட்டு நர்ஸம்மாவிடம் நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. என் வாய்தான் கண்ணேறு போட்டதோ என்னவோ, போன மாதம் வந்த புத்தகத்தில் இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில், கடைசி வரிக்குக் கீழே, சிவப்பாக ஒரு குழந்தையின் கை அப்படியே அச்சாகிவிட்டது. முந்நூறு பிரதியிலும். வாங்கிய ஒரு வக்கீல் பதிப்பாளரைக் கூப்பிட்டு, புத்தகத்துக்குக் காசு கொடுத்தேன், கை யாருதுய்யா என்று கேட்டாராம். துடைக்காத படத்தை அனுப்பிவிட்டாய் என்கிறார் பதிப்பாளர். மூணு தடவை துடைச்சேன் பாட்டி, வெள்ளையா இருந்ததை என் கண்ணால பார்த்தேன் என்று இவள் அழுகிறாள். யார் சொல்வது நிஜமென்று எனக்குத் தெரியவில்லை.

தைத்த புத்தகத்தில் ஒரு தாளை அடியோடு உருவினால் அதன் ஜோடித் தாளும் கூடவே கழன்று வரும். தையல் ஓரமாக நகக்கண் அகலம் விட்டு வெட்டி, அந்த விளிம்பில் சுத்தமாக அச்சடித்த புதுத் தாளை ஒட்ட வேண்டும். பைண்டிங் கடையில் நான் இருபது வருஷம் செய்த வேலை. என் பேத்தியை வேலையை விட்டு அனுப்பாதீர்கள், நான் வந்து ஒட்டித் தருகிறேன் என்று பதிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்ணு தெரியுமா பாட்டி என்றார். உங்களை நல்லாவே தெரியுதுய்யா என்றேன். சிரித்துவிட்டார்.

முதல் புத்தகத்தைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான் வேலை பார்த்த கடைக்கு நூலகத்திலிருந்து பைண்டிங்குக்கு வந்த அதே புத்தகம். படம் பிடித்தது அந்தப் பிரதியைத்தானாம். உனக்கு மறந்திருக்காது. பள்ளிக்கூட லீவில் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போயிருந்தேன். புத்தகத் தாள் ஓரத்துக்குப் பூசுகிற சிவப்புச் சாயக் கிண்ணம் கவிழ்ந்தது, பக்கத்தில் கை பதிந்தது, முதலாளி கத்தினார். சின்னவன் சட்டையில் சாயம் இருந்தது. அத்தனை பேர் முன்னால் அவனைப் பிரம்பால் அடித்தேன். ஏழு வயசு. வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டான்.

உன் மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, ஐயே பாட்டி, மோதிர விரல் மொட்டையா இருக்கு, அப்பா கை மாதிரியே என்று சிரித்தாள். அதற்கு முந்தின வருஷமே இரும்புக் கதவில் நசுங்கி நுனி போன விரல் உனக்குத்தான். அன்றைக்கு முதலாளி புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிட்டார், நான் கறையைத்தான் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடி உனக்கு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

பதினோரு நாள் வெட்டினேன். ஒவ்வொரு புத்தகத்தைத் திறக்கும்போதும் அந்தக் கை நில் என்று தடுக்கிற மாதிரியே இருந்தது. வெட்டிய தாள்களைக் குப்புற வைத்தேன், அப்படியும் தாளின் பின்பக்கத்தில் சிவப்பு தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் யாரோ சின்னக் காலோடு நிற்கிற மாதிரி இருக்கும், திரும்பினால் அலமாரிதான். கடைசி நாள் நானே வாய்விட்டு, சொல்லியிருக்கலாமேடா என்றேன். அவனிடம் கேட்டேனா உன்னிடம் கேட்டேனா தெரியவில்லை. வேலை முடிந்தது, உன் மகளுக்கு வேலை நிலைத்தது, தாள்களை எல்லாம் மெஷினில் போட்டு அரைத்துவிட்டார்கள். நான் ஒன்றுகூட எடுத்து வரவில்லை. அவளிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

நீ ஏன் வீட்டுக்கு வந்தாலும் நாலாம் நாளே கிளம்பிவிடுகிறாய், அவன் படம் மாட்டிய அறையில் ஏன் படுப்பதில்லை என்று இத்தனை வருஷம் மருமகளைப் பழித்துக்கொண்டிருந்தேன். பாவம், அவளிடம் நான் வருந்தியதாகச் சொல். கையை நீ அவன் சட்டையில் துடைத்தாயா, அவனே துடைச்சுக்கோ அண்ணா என்று காட்டினானா, எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். காய்ச்சல் அடியால் வந்ததில்லை என்று டாக்டர் அப்போதே சொன்னார். அதை உனக்கு யாரும் சொல்லவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. தாளில் விழுந்தது ஒன்பது வயசுப் பிள்ளையின் கை. பிரம்பு பிடித்தது என் கை. அதை நீ சுமக்காதேப்பா, அது என்னோடது.

இரண்டு பேரும் மனசு நிறைந்து நீண்ட ஆயுசோடு இருங்கள். ரத்த அழுத்த மாத்திரையை விடாதே. இதற்குப் பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடுவேன், அவன் பேச்சை எடுப்பேன். போனை வைக்காமல் இரு. பேசக்கூட வேண்டாம், மூச்சு கேட்டால் போதும்.

உன் அம்மா