உங்கள் பெயரில் ஓடிய கார்

அக்கா,

காரின் பின்கதவைத் திறந்ததும் தும்மல் வந்துவிட்டது, அடுக்கடுக்காக. போன மாசியில் நீங்கள் ஏற்றிப் போன மிளகாய் வத்தல் மூட்டைகளின் நெடி இன்னும் அதற்குள்ளேயே தங்கியிருக்கிறது. உங்கள் மகன் பக்கத்தில் நின்றான். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். “சித்தி, நான் வெளிநாட்டுல இருந்துக்கிட்டு இதை வச்சு என்ன செய்ய? நீங்களே வச்சுக்கோங்க” என்று சாவியை என் கையில் வைத்தான். உங்கள் காரியம் முடிந்து உறவினர் எல்லாம் கிளம்பியிருந்த நேரம் அது.

இந்தக் கார் ஒரு சாவைத் தாண்டிக் கை மாறுவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை நீங்கள் நடந்துகொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

அத்தான் போனது வைகாசியில். காட்டில் உழவு பார்த்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. அவர் ஆசையாய் வாங்கிய வெள்ளைக் கார் வேப்பமரத்தடியில் நின்றது. அதற்குக் காப்பீடு முடிய ஒரு மாதம்தான் இருந்தது. காப்பீட்டு முகவர் போன் செய்து வழி சொன்னார். “கவலைப்படாதீங்க, அண்ணாச்சி பேர்லயே புதுப்பிச்சிருவோம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் செய்யுதாக.” என் வீட்டுக்காரரும் சரி என்றார். நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள்: “இல்லாதவிய பேர்ல போட்டா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு வந்து நிப்பா?” முகவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை என்னை எழுப்பினீர்கள். “ஏட்டி, கிளம்பு. கோவில்பட்டி போயிட்டு வருவோம்.” தெருவில் இறங்கும்போதே பின்னால் பேச்சு கேட்டது. கருமாதி முடிந்த வீட்டில் அடுப்புச் சாம்பல் ஆறவில்லை, அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்றார்கள். எனக்குக் கால் கூசியது. நீங்கள் நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று மட்டும் கேட்டீர்கள்.

காப்பீட்டு அலுவலக வாசலில் நான் தயங்கி நின்றேன். அதுவரை ஒரு ஆபீஸுக்குள்ளும் காலெடுத்து வைத்தவள் இல்லை நான். நீங்கள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். உடையவர் இறந்தாலும் பாலிசி உடனே செத்துப்போவதில்லை. காலம் முடியும் வரையிலோ, இறந்த நாளிலிருந்து மூன்று மாதமோ, எது முந்துகிறதோ அதுவரை நிற்கும். அதற்குள் ஆர்.சி. புத்தகத்தை வாரிசு பேருக்கு மாற்றி, காப்பீட்டையும் அதே பேருக்குக் கொண்டுவர வேண்டும். “ஒங்க பேருக்கு மாத்திட்டு, ஒங்க பேர்ல போடுங்கம்மா. செத்தவங்க பேர்ல புதுசாப் போடுறது அந்தப் பேப்பர் வெலைக்குக்கூடப் பெறாது” என்றார். உங்களுக்கு விளங்காத இடத்தில் எல்லாம் நிறுத்தி, மறுபடியும் சொல்லச் சொன்னீர்கள். அவர் முகம் சுளித்தபோதும் விடவில்லை.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே தரிசாய்க் கிடந்த கரிசல் காட்டைப் பார்த்தபடி நான் கேட்டேன், “எதுக்குக்கா இந்தப் பாடு? கார் சும்மாதான நிக்கு?” நீங்கள் சொன்னது நேற்றுக் கேட்டது போல இருக்கிறது. “கார்ல இருக்கவியளுக்குச் சுத்தித் தகரமாவது இருக்கு. ரோட்டுல நடந்து வாரவனுக்கு என்னட்டி இருக்கு?”

ஆனால் பெரிய கண்டம் வீட்டுக்குள் காத்திருந்தது. நம் மாமியாரும் அத்தானுக்கு வாரிசு. பேர் மாற்ற ஆட்சேபம் இல்லை என்று அவரும் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டதும் மார்பில் அடித்துக்கொண்டார். “எம் மவன் பேரை அழிக்கதுக்கு எங்கிட்டயே கையெழுத்துக் கேக்குதியாட்டி?” வீடே உங்களைப் பார்த்தது. அன்று முழுக்க நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் அவருக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

“அத்தே, காரு அவிய பேர்லயே இருந்து, நாளைக்குப் போய் யாரையாச்சும் இடிச்சிட்டா, கேசு அவிய பேருக்குத்தான் வரும். உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தர் வந்து அவிய பேரைச் சொல்லி வாசல்ல சத்தம் போட்டது உண்டா?”

மாமியார் கஞ்சியைக் குடித்தார். குடித்து முடித்து, “எங்கன போடணும்?” என்று கேட்டார்.

விண்ணப்பம் கொடுத்தோம். ஆனால் ஆர்.சி. கைக்கு வருமுன் பழைய காப்பீடு முடிந்துவிட்டது. ஆவணியில் ஓட்டப்பிடாரத்தில் நம் சின்ன நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். என் வீட்டுக்காரர் சாவி கேட்டு வந்தார். “இந்தா இருக்கு ஓட்டப்பிடாரம். எங்க அண்ணன் கார்ல ஏற எனக்கு உரிமை இல்லையா மதினி?”

“உரிமை இருக்கு தம்பி. காப்பு இல்ல.”

அவர் கோபத்தில் செம்பை எத்திவிட்டுப் போனார். சீர்வரிசைத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் போனோம். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் ஒருவர் திட்டில்கூட நீங்கள் சொன்னதற்கு மறுமொழி இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

புரட்டாசியில் கார் உங்கள் பேருக்கு மாறியது. புதுக் காப்பீடு எடுக்கப் போனபோது அதே அதிகாரி, ஓட்டும் உடையவருக்கென்று ஒரு விபத்துக் காப்பு உண்டு, அதற்கு உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றீர்கள். “அப்போ அது ஒங்களுக்குக் கிடையாதும்மா” என்றார். “இப்போதைக்குக் கிடையாதுன்னு சொல்லுங்க” என்றீர்கள் நீங்கள். தலை நரைத்த பிறகு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்மாய்க் கரையில் நீங்கள் கியர் போடப் பழகியதை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. கார் குதித்துக் குதித்து நின்றபோதெல்லாம் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நீங்கள்தான். அடுத்த மாசியில் வத்தல் மூட்டைகளோடு நீங்களே ஓட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனீர்கள்.

அதன் பிறகு வந்த ஐப்பசியில், நீங்கள் காப்பீட்டைப் புதுப்பித்த மறுமாதம்தான், அது நடந்தது. மழை. டிராக்டர் சக்கரங்கள் இழுத்து வந்த கரிசல் சகதி தார் ரோட்டில் வெண்ணெய் போலப் பரவிக் கிடந்தது. அன்று உங்களுக்குக் காய்ச்சல். அதனால் என் வீட்டுக்காரர் ஓட்டினார். நாம் இருவரும் பின்னால் இருந்தோம். ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்க, அவர் பிரேக்கை மிதிக்க, கார் வழுக்கிப் போய் மந்தைக்காரரைத் தட்டிவிட்டது.

கதவைத் திறந்து முதலில் இறங்கியவர் நீங்கள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். கால் முறிந்திருந்தது. அவரோ காலைப் பற்றிப் பேசவில்லை. “தாயி, என் ஆடு... ஆடு செதறிப் போகும் தாயி” என்று அரற்றினார். ஆம்புலன்ஸ் வந்ததும் நீங்களும் அவரோடு ஏறினீர்கள். ஏறும்போது வெளிறிப்போய் நின்ற உங்கள் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னீர்கள். “போலீசு வாரவரைக்கும் இங்கனயே நில்லுங்க தம்பி. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. அதுக்குப் பெறவு ஒரு ஆடு விடாம அவிய ஊர்ல கொண்டுபோய்ச் சேருங்க.”

ஆடு மேய்த்துப் பழக்கமே இல்லாத மனிதர். வெள்ளை வேட்டியில் சகதி அப்ப, “ஹேய் ஹேய்” என்று கத்திக்கொண்டு அவர் மந்தைக்குப் பின்னால் ஓடியதை நான் பார்த்தேன். நானும் மறுபக்கம் நின்று மறித்துக்கொண்டு போனேன். சாயங்காலத்துக்குள் பட்டியில் அடைத்துவிட்டோம்.

கேஸ் இல்லாமல் பேசி முடித்துவிடலாம் என்று பெரிய மனிதர்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் அதுதான் விருப்பம். “வழக்குன்னா எம்மேலதான மதினி வரும்?”

“வரட்டும் தம்பி, நான் கூட நிக்கேன். நாம பேசிக் குடுக்கது அவியளுக்கு ஆஸ்பத்திரிக்கே காணாது. அவிய இனி நடக்கணும்லா?”

சொன்னபடி ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட வந்தீர்கள். கார் யார் பேரில், காப்பீடு யார் பேரில், ஓட்டியவருக்கு லைசென்ஸ் உண்டா என்று துருவிக் கேட்டார்கள். எதிலும் ஓட்டை இல்லை. நாள் பிடித்தது என்றாலும் அந்த மனிதருக்குச் சேர வேண்டியது காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து சேர்ந்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்த அன்று, என் வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாமல் உங்கள் காலைத் தொட்டார். நீங்கள் “சீ, எந்திரிங்க தம்பி” என்று டீக்கடையைப் பார்த்து நடந்துவிட்டீர்கள்.

உங்களைக் கிடத்தியிருந்த அன்று மந்தைக்காரர் வந்திருந்தார், அக்கா. லேசாகக் காலை இழுத்து நடக்கிறார். உங்கள் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். போகும்போது என்னிடம், “அம்மா என் ஆட்டை ஊர்ல கொண்டுபோய்ச் சேக்கச் சொன்ன பெறவுதான் எனக்குக் கால் வலியே தெரிஞ்சது தாயி” என்றார்.

கார் இப்போது மூடித்தான் நிற்கிறது. உங்கள் கொழுந்தன் அதைத் தொடவில்லை. சர்க்கரை மாத்திரை வாங்கக்கூடப் பஸ்ஸில் போகிறார். யாராவது இரவல் கேட்டு வந்தால், அவரே முந்திக்கொண்டு, “பேரு மாறட்டும்” என்கிறார்.

போன வாரம் நான் தனியாகக் கோவில்பட்டி போனேன். என் கையைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை. நானாகத்தான் உள்ளே போய் உட்கார்ந்தேன். இருந்தவர் வேறு அதிகாரி, இளவயதுக்காரர். முதலில் மகன் பேருக்கு, அங்கிருந்து என் பேருக்கு என்று மளமளவென்று சொன்னார். எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். அப்போதும் விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். கூச்சமே இல்லை, அக்கா. இந்தத் தைரியம் என் பிறந்த வீட்டில் கொடுத்து அனுப்பியதில்லை.

அவர் தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார், “இந்தம்மா ஒங்களுக்கு என்ன வேணும்?”

“அக்கா.”

“கூடப் பொறந்தவியளா?”

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்களைச் சொல்லும் ஓரகத்தி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

“கூடப் பொறக்கல சார்” என்றேன். “அக்காதான்.”