தட்டிக்கு அந்தப் பக்கத்து டீச்சருக்கு

டீச்சர்,

நம் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் நின்ற பலகைத் தட்டியைப் போன வாரம் பிடுங்கிவிட்டுச் செங்கல் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஈரச் சிமெண்டு வாசனையில் காலையிலிருந்து எனக்கு ஒரே தும்மல். ஐந்தாம் வகுப்பில் நான் தும்மினால், ஒன்றாம் வகுப்பிலிருந்து "நூறு வயசு டீச்சர்!" என்று கத்துவீர்கள். இந்தச் சுவர் வேண்டுமென்று வருடா வருடம் மனு எழுதியவள் நான்தான். கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷம்தான் வரவில்லை.

அந்தத் தட்டியால் நமக்குள் வந்த சண்டை கொஞ்சமா? ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே கேட்டீர்கள்: "இன்னாங்க டீச்சர், ஒங்க கிளாஸ்ல ஒரே ஒரு புள்ளதான் கீதுங்களா?"

"முப்பத்தி நாலு பேர்," என்றேன் வெடுக்கென்று.

"எனக்கு கீர்த்தனா பேரு மட்டுந்தான் கேக்குது."

கீர்த்தனா முதல் பெஞ்சு. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற பிள்ளை. பதில் தெரிந்தவளைக் கேட்காமல் தூணையா கேட்பது என்று சண்டைக்கு வந்தேன். நீங்கள் என்னை இழுத்துக்கொண்டுபோய் உங்கள் கரும்பலகையைக் காட்டினீர்கள். நான் "கீர்த்தனா" என்று சொன்னபோதெல்லாம் ஒன்றாம் வகுப்பு ஒரு கோடு போட்டிருந்தது. மதியத்துக்குள் பத்தொன்பது கோடு. "எம் புள்ளைங்க எண்ணக் கத்துக்கினதே ஒங்களாலதான்," என்றீர்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் நான் கேள்வி கேட்டு முடித்தவுடன் அந்தப் பக்கமிருந்து ஒரு வாண்டு "கீர்த்தனா!" என்று கத்தும். என் வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும், கீர்த்தனா உட்பட.

நாலாம் நாள், கல்வராயன் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒருவர் டி.சி. வாங்க வந்தார். அவர் மகள் விடுதியில் தங்கி என் வகுப்பில் படிக்கிறவள். கடைசி பெஞ்சு.

"ஏங்க நிறுத்துறீங்க?"

"அதுக்கு இஸ்டம் இல்லீங்க. அங்க எம் பேர யாரும் கூப்புடறதில்ல, நான் இன்னாத்துக்குப் போவணும்னு கேக்குது. ஆடு மேய்ச்சா ஆடாவது திரும்பிப் பாக்குமாம்."

நன்றாக இருக்கிறதே கதை என்று எகிறினேன். "இருங்க, அவளையே கூப்பிட்டுக் கேக்குறேன்" என்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன். பெயர் வரவில்லை டீச்சர். வருகைப் பதிவை எண் சொல்லியே முடிக்கிறவள் நான். என் வாயில் வந்தது "இருபத்தேழு" மட்டும்தான்.

"பூங்கொடி!" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற உங்கள் குரல்.

பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். "ஒரு மாசம் டைம் குடுங்க" என்று அந்த மனிதரிடம் கெஞ்சினேன். பூங்கொடியைப் பார்த்துவிட்டு, சரிங்க என்று போனார்.

மறுநாளிலிருந்து பூங்கொடியைக் கேட்டேன். எழுந்து நிற்பாள், கால் விரலைப் பார்ப்பாள். எனக்குப் பொறுக்காது. "வாயில கொழுக்கட்டையா?" என்பேன். உட்கார்ந்துவிடுவாள்.

"கேட்டா காத்துக்கினு இருக்கணும் டீச்சர். மனசுக்குள்ள பத்து எண்ணுங்க," என்றீர்கள்.

"எனக்கு மூணுக்கு மேல வராது."

"அப்போ நாங்க எண்ணுறோம்."

எண்ணியே விட்டீர்கள், அடாவடி! நான் கேள்வி கேட்டு முடித்த நொடி, ஒன்றாம் வகுப்பு மொத்தமும் ராகம் போட்டு "ஒண்ணூ... ரெண்டூ..." என்று ஆரம்பிக்கும். பத்து வரும்வரை நான் வாயைத் திறந்தாலும் யாருக்கும் கேட்காது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஒன்றாம் வகுப்பில் எண் கற்பித்தல் அபாரம் என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு வயிறு எரிந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அரை பெரிதா, கால் பெரிதா என்று பூங்கொடியிடம் கேட்டேன். பத்து ஆனது. நீங்கள் நிறுத்தவில்லை. இருபது ஆனது. உங்கள் வாண்டுகளுக்கு அதற்கு மேல் தெரியாது, திரும்பவும் ஒண்ணிலிருந்து ஆரம்பித்தார்கள். கீர்த்தனா துடித்தாள், அவள் வாயை நானே பொத்தினேன். பூங்கொடி தலை நிமிர்ந்தாள்.

"எதுல டீச்சர்? பெரிய பலாப்பழத்துல காலு, சின்னதுல அரைய வுட ஜாஸ்தி வருமே?"

இத்தனை வருட சர்வீஸில் ஒரு பிள்ளையும் என்னை இப்படிக் கேட்டதில்லை. ஒன்றாம் வகுப்பு மூன்றாவது சுற்றும் எண்ணி முடித்தது. இந்த முறை பதில் வராமல் நின்றது நான்.

சொன்ன தேதியில் அவள் அப்பா வந்தார். "டி.சி. வாணாங்க. ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வந்து ஆடுங்கள நிக்க வெச்சு கேள்வி கேக்குது. பதில் வர்ற வரிக்கும் அவுத்து வுட மாட்டேங்குது. மேய்ச்சலே கம்மியாப் பூட்ச்சு," என்றார். தட்டிக்கு அந்தப் பக்கம் நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்களுக்கே புரையேறியது.

போன வருடம் உங்கள் இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். ஒரு சொல் வரவில்லை. எவ்வளவு நேரம் போனதோ, தலைமையாசிரியர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து பூங்கொடி எழுந்தாள்.

"இருங்க சார். டீச்சர் சொல்லுவாங்க."

அவ்வளவு பிள்ளைகளும் அசையாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். உங்களைப் பற்றி என்ன சொல்வது? "பூங்கொடி" என்றேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள் பழக்கத்தில். பக்கத்தில் இருந்தவள் பெயரைச் சொன்னேன். அவளும் உள்ளேன் என்றாள். அப்படியே வரிசை வரிசையாக, எட்டாம் வகுப்பிலிருந்து உங்கள் ஒன்றாம் வகுப்பு வரை, பதிவேடு இல்லாமல் சொல்லிக்கொண்டே போனேன். தலைமையாசிரியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை டீச்சர்.