மரி இராக்கினியின் மகன்

மொன்ட்ரியால்-நோர்
மே 27

எடின்பரோவில் இருக்கும் மகன் டனிஸ்ரன் அறிய,

உன்ட சுகத்தை நான் உன்னை வளர்த்த பெரியம்மாவிட்டைக் கேட்டு அறிஞ்சுகொண்டுதான் இருக்கிறன். என்ட சுகத்தை நீ ஒருத்தரிட்டையும் கேக்க மாட்டாய், ஆனபடியா நானே சொல்லிப்போட்டு விசயத்துக்கு வாறன். முழங்கால் நோவைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. என்ட வீட்டுக்காரர் அருமைராசாவும் சுகம். அவரின்ட பேரைக் கண்டதும் கடிதத்தை மூடி வைச்சிடாதை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கட கோயில் மண்டபத்தில நடந்த நாடகத்தை ஆரோ வீடியோ எடுத்து பேஸ்புக்கில போட்டிருக்கினம். அதில நான் மேடையில நிண்டு உன்ட பேரைச் சொல்லுறன். ஆக்கள் கண் காது மூக்கு வைச்சுக் கதைக்க முந்தி, நடந்ததை நடந்தபடி நானே எழுதுறன். பெரியம்மா உனக்குத் தமிழ் எழுத வாசிக்கப் படிப்பிச்சு விட்டவ எண்டு அறிஞ்சன். அதுக்கு அவவுக்குப் புண்ணியம் கிடைக்கும்.

இங்க பிறந்து வளர்ந்த ஜொய்சி எண்ட பிள்ளை, மரி ஸ்ருவார்ட் எண்ட ஸ்கொட்லாந்து ராணியின்ட கதையைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில படிச்சிட்டுத் தமிழ் நாடகமா எழுதினவள். கெட்டிக்காரி, ஆனா அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் முக்கால்வாசி செபத் தமிழ். பிரார்த்தனையில மாதாவை இராக்கினியே எண்டு கூப்பிடுறதைக் கேட்டு வளர்ந்தவள், ராணியெண்டால் இராக்கினி எண்டுதான் எழுத வேணும் எண்டு நினைச்சிட்டாள். அறிவித்தலில 'மரி இராக்கினியின் வாழ்க்கை' எண்டு போட்டிட்டாள். மாதாவின்ட பேரும் மரிதான், மே மாதமோ மாதாவின்ட வணக்க மாதம். சனம் என்னத்தை நினைக்கும்? பாதிப்பேர் செபமாலையோட வந்து இருந்தினம். ஒரு மனிசி பூமாலையும் கட்டிக்கொண்டு வந்தவ.

ராணி வேசம் எனக்கு. மூண்டு தரம் கலியாணம் கட்டினவளா நடிக்க வேற ஒருத்தியும் சம்மதிக்கேல்லை. அன்ரி, நீங்கள்தான் ஊர்வாய்க்குப் பயப்படாத ஆள் எண்டு ஜொய்சி வந்து கேட்டவள். என்ட நடிப்பை நம்பிக் கேட்டவளில்லை.

உன்ட ஊர் ராணி, உனக்குக் கதை தெரிஞ்சிருக்கும். பிறந்த கிழமையே ராணி. பிரான்சில வளர்ந்து, அங்கத்தை ராசாவைக் கட்டி, பதினெட்டு முடிய முந்தி விதவை. ஊருக்குத் திரும்பி வந்து சொந்தத்துக்குள்ள ஒருத்தனைக் கட்டினா. அவன் இருந்த வீட்டுக்கு வெடி வைச்சு அவனைக் கொலை செய்துபோட்டாங்கள். கொலைகாரன் எண்டு சனம் சொன்னவனையே மூண்டாவதாக் கட்டினா. பிரபுக்கள் பிடிச்சு அடைச்சு, முடியைப் பால்குடி மகன் ஜேம்சுக்கு எழுதி வாங்கினாங்கள். பத்து மாசத்தில விட்டிட்டுப் போன பிள்ளையை அவ பேந்து காணவேயில்லை. இங்கிலாந்துக்கு ஓடிப்போய், அங்க கனவருசம் சிறையிருந்து, கழுத்து வெட்டுப்பட்டுச் செத்தா. தாய் கூடாதவள் எண்டு சொல்லித்தான் அந்தப் பெடியனை வளர்த்தவங்களாம்.

ரெண்டாவது கலியாணத்தோட மண்டபத்தில குசுகுசுப்புத் தொடங்கிட்டுது. மூண்டாவது மாப்பிள்ளை மேடைக்கு வர, பூமாலைக்காரி எழும்பி, மாதாவைப் பழிக்கிற நாக்கு அழுகாதோ எண்டு சத்தம் போட்டா. பங்குச் சுவாமி ஓடிவந்து, இது வேற மரி எண்டு விளங்கப்படுத்தினார். அது இன்னும் மோசமாப் போச்சு. மாதா இல்லையெண்டு தெரிஞ்சதும் சனத்துக்கு ராணியில ஒரு சொட்டு இரக்கமும் இல்லை. பிள்ளையை விட்டிட்டு ஆம்பிளையோட போனவளுக்கு என்ன நாடகம் வேண்டிக்கிடக்கு எண்டு முன்வரிசையில ஒருத்தி சொன்னது என்ட காதில விழுந்தது. ராணியைச் சொன்னாவோ என்னைச் சொன்னாவோ, தெரியாது.

அந்த நேரம் பார்த்து நான் பிள்ளையிட்ட விடைபெற வேணும். ஜேம்ஸ், அம்மா கெதியில வந்திடுவன் எண்டுறதுதான் வசனம். எனக்கு டனிஸ்ரன் எண்டு வந்திட்டுது. அதோட திரையை இழுத்து மூடிச்சினம். உன்னை வெக்கப்படுத்த வேணுமெண்டு செய்யேல்லை மகன்.

உனக்கு என்ன சொல்லி வளர்த்தவை எண்டு தெரியும். என்ட பக்கத்தையும் ஒருக்கா வாசி. அப்பா செத்த பிறகு மன்னாரில நானும் நீயும் தனிச்சு நிண்டனாங்கள். பெரியப்பா ஸ்கொட்லாந்துக்குக் கூப்பிட, நீயாவது தப்பட்டும் எண்டு அனுப்பினனான். நான் கனடாவுக்கு வந்தவுடன உன்னை எடுக்கிறது எண்டுதான் பேச்சு. அருமைராசாவைக் கட்டினதும், தம்பியின்ட பிள்ளை இன்னொருத்தன்ட வீட்டில வளர ஏலாது எண்டு பெரியப்பா மறுத்துப்போட்டார். போன் எடுத்தால் நீ நித்திரை, இல்லாட்டி ரியூசன், இல்லாட்டி விளையாடப் போயிட்டாய். இங்க உனக்கெண்டு ஒரு அறையில கட்டில் போட்டு, கனகாலம் வாற போற ஒருத்தரையும் அதில படுக்க விடாமல் வைச்சிருந்தவர் அருமைராசா. எனக்குப் பெரியப்பா ஆக்களில கோபம் இருக்கு. உன்னை நல்லா வளர்த்தவை எண்ட நன்றியும் இருக்கு.

ஆகஸ்டில உனக்குக் கலியாணம் எண்டு பெரியம்மாதான் பெரியப்பாவுக்கு ஒளிச்சுச் சொன்னவ. அனோஜினியின்ட படமும் அனுப்பினவ. நல்ல களையான பிள்ளை, கொஞ்சம் மெலிவு, சாப்பிடத்தான் பஞ்சிப்படுவாள் போல கிடக்கு.

அந்த ராணியின்ட மகன் தாயைப் போய்ப் பார்க்கவேயில்லை. பெரிய ராசாவான பிறகு, அவவின்ட உடலை எடுப்பிச்சு லண்டன் கோயிலுக்குள்ள வடிவான கல்லறை கட்டினவனாம். கடைசியில தாயை மதிச்சிட்டான் எண்டு ஜொய்சிக்குச் சந்தோசம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. செத்த பிறகு கல்லு என்னத்துக்கு?

கலியாணத்தண்டு வீட்டால வெளிக்கிடேக்க, தாய் தேப்பன் நெத்தியில விரலால சிலுவை போட்டு அனுப்புறது எங்கட வழக்கம். பெரியப்பாவும் பெரியம்மாவும் போடட்டும். வளர்த்தவை அவை, அதைப் பறிக்க நான் வரேல்லை. அருமைராசாவும் தான் வரமாட்டன், நீ மட்டும் போயிட்டு வா எண்டிட்டார். நீ ஓம் எண்டால் வாறன்.

ஆண்டவர் உங்கள் ரெண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைச்சிருக்க வேணும். அவை சிலுவை போட்டு முடிஞ்ச பிறகு, நான் வாசலடியில நிண்டால், காரில ஏற முந்தி ஒருக்கா குனிவியோ மகன்? நீ நல்ல உயரமாம். எனக்கு எட்டாது.

அம்மா
றோசலின்