கார்த்திகையில் கேட்ட பூ

டிசம்பர் 4, 2024

நூலகத்தில் இன்று ஆளே இல்லை. மழையால் பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. ஈரம் ஏறிய புத்தகங்களை ஹீட்டருக்கு முன்னால் விரித்து வைத்துவிட்டு நானும் அவற்றோடு உட்கார்ந்து குளிர் காய்ந்தேன். இதற்கும் சம்பளம் தருகிறார்கள்.

சாயங்காலம் எங்கள் நாயுடுபுரம் தெருவுக்கு கேரல் பாடுகிறவர்கள் வந்தார்கள். டிரம், கிட்டார், ஆடிக்கொண்டே வரும் கிறிஸ்துமஸ் தாத்தா. அப்பா கட்டிலிலிருந்து எழுந்து சன்னலுக்குப் போனார். அந்த நாலடிக்கே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இந்தத் தாத்தாவுக்கு ஆடவே வரல. கையக் கால ஆட்டுனா ஆட்டமா?"

"ஆமா, நீங்க ஆடுனப்ப ஊரே மயங்கி விழுந்துச்சு," என்றாள் அம்மா.

சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. நாளை மறுநாள் மதுரைக்குக் கூட்டிப் போகிறோம்.

டிசம்பர் 6

இதய வால்வு. சுருங்கிவிட்டதாம். மாற்ற வேண்டும், பொங்கலுக்கு முன்னால்.

அப்பா ஜீப் ஓட்டுகிறவர் என்று தெரிந்ததும் டாக்டர் அவர் பாஷையிலேயே சொன்னார். "தள்ளிப்போட்டா வண்டி எந்த ஏத்தத்துல நிக்கும்னு சொல்ல முடியாதுங்க."

 திரும்பும் வழியில், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அப்பா, "கார்த்திகைக்கு வடகவுஞ்சி போயி பூக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

டிசம்பர் 7

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பூதான். ஜீப் வாங்கலாமா, பூ. வீட்டை ஒட்டி ஓர் அறை எடுக்கலாமா, பூ. வடகவுஞ்சியில் அன்னக்கொடி அத்தையின் பூண்டுக் காட்டுக்கு மேலே ஒரு முருகன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் நாலு தூண், ஒரு தகரக் கூரை, ஒரு வேல். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்துக் கட்டி, வேலுக்கு முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது.

என்னைக் கல்லூரிக்கு அனுப்பவும் பூக் கேட்டார்கள். வெள்ளை வந்ததால் படித்தேன். படித்ததால் பூவை நம்பாமல் போனேன்.

இப்போது அப்பாவின் நெஞ்சு, ஒரு குழந்தையின் கையில். எப்படி எழுதிப் பார்த்தாலும் கோபம்தான் வருகிறது.

டிசம்பர் 9

தூக்கம் வராமல் பழையதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் கிறிஸ்துமஸ் தாத்தாவையும் முருகனையும் ஒன்றுபோல நம்பினேன். தாத்தா பனி விழும் ஊரிலிருந்து வருகிறார் என்று பள்ளியில் சொன்னார்கள். எங்கள் ஏரிக்கரைப் புல்லிலும் ஜனவரியில் உறைபனி படியும் என்பதால் அவர் பக்கத்தில்தான் எங்கோ குடியிருக்கிறார் என்று முடிவு செய்திருந்தேன். முருகன் கோவித்துக்கொண்டு மலை ஏறியவர். தாத்தாவுக்குக் கோபமே வராது. ஆகவே டிசம்பரில் தாத்தா கட்சி, தைப்பூசத்துக்கு முருகன் கட்சி. இரண்டு பேருக்கும் என்னைத் தெரியும் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. அந்த நிம்மதி அப்புறம் எதிலும் கிடைக்கவில்லை. நல்ல புத்தகத்தில்கூட.

கேரல்காரர்கள் அப்போது அப்பாவின் ஜீப்பில்தான் தெருத் தெருவாகப் போவார்கள். ஒரு வருடம் தாத்தா வேஷம் கட்டுகிறவருக்கு அம்மை போட்டுவிட, அப்பா மாட்டிக்கொண்டார். அப்புறம் விட மனம் வரவில்லை. எனக்கு இதெல்லாம் தெரியாது. ஏழு வயதில், ரோஸ் நிற முகமூடியும் பஞ்சுத் தாடியுமாகத் தாத்தா எனக்கு மிட்டாய் நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் ரேடியேட்டர் வெந்நீர் பட்ட தழும்பு.

நான் அழவில்லை. "தேங்க்யூ தாத்தா" என்றேன். முகமூடிக்குள் சந்தோஷமாக ஒரு செருமல் கேட்டது. அவருக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. அதனால் அடுத்த வருடங்களிலும் நம்புகிறவள் போலவே நின்றேன்.

ஆனால் அதற்கப்புறம் அப்பா சும்மா சிரித்தால்கூட, இது அவர் முகம்தானா என்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். காய்ச்சலில் கிடந்தபோது "நாளைக்குச் சரியாயிரும் தாயி" என்றார். அதையும் நம்பவில்லை. தாத்தா போனது எனக்குப் பெரிதில்லை. கொஞ்ச காலம் அப்பாவும் போய்விட்டார். அதுதான்.

தாத்தா போன நாள் தெரியும். முருகன் எப்போது போனார்? கல்லூரி விடுதியில் ஒரு நாள், திருநீறு பூசி எத்தனையோ நாளாயிற்று என்று நினைவு வந்தது. அவ்வளவுதான். 'கடவுள், வயது வந்தவர்களின் கிறிஸ்துமஸ் தாத்தா' என்று அன்றைய நாட்குறிப்பில் பெருமையாக எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

டிசம்பர் 10

"பொட்டலத்த நீ கட்டு தாயி."

"நானா? எனக்குத்தான் நம்பிக்கை இல்லையேப்பா."

இத்தனை வருடம் வாய்விட்டுச் சொல்லாதது. அப்பா டீயை ஊதிக் குடித்தார்.

"தெரியும். அதான் சொல்றேன். ஒங்க ஆத்தாளும் அத்தையும் கட்டுனா ஒரு பக்கம் சாஞ்சுரும். நீ கட்டுனா நேரா இருக்கும்."

டிசம்பர் 12

இரண்டிலும் வெள்ளை வைத்துவிடப் போகிறேன்.

இல்லாத சாமியை ஏமாற்றினால் யாருக்கு என்ன? அப்பா பிழைக்க வேண்டும். வேறு எதைப் பற்றியும் யோசிக்க மாட்டேன்.

டிசம்பர் 13, பெரிய கார்த்திகை

வடகவுஞ்சியில் மழை. அத்தை வீட்டு முற்றத்தில் ரோஜா பறித்தேன். எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும் என்று கையில் ஒரு சிவப்பு. துணிப் பைக்குள் இரண்டு வெள்ளை.

கோயில் மேட்டை ஏற அப்பா பத்து இடத்தில் நின்றார். அத்தை குடை பிடித்துக்கொண்டே, "ஏலே குமாரு, பைய ஏறுடா, முருகன் எங்கிட்டும் ஓடிற மாட்டான்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தையின் பேத்தி மகாதேவிக்கு ஐந்து வயது. சறுக்கிச் சறுக்கி அவள் மட்டும் சந்தோஷமாக ஏறினாள்.

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து இலையை விரித்தேன். அப்பா என் கையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பூண்டுக் காட்டுப் பக்கம் திரும்பி, ஈர வேட்டியோடு, கண்ணை வேறு மூடிக்கொண்டு நின்றார். தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் பொட்டலத்தில் வெள்ளை. இரண்டாவதிலும் வெள்ளையை வைத்து மடித்தேன்.

முடியவில்லை. என்னால் முடியவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கட்டுவது? முகமூடிக்குள்ளே யார் என்று ஒருத்தருக்கு மட்டும் தெரிந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரித்தேன். வெள்ளையை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்துக் கட்டினேன்.

பூசாரி திருமலைச்சாமி இரண்டையும் குலுக்கி வேலுக்கு முன்னால் போட்டார். மகாதேவி கொஞ்சம்கூட யோசிக்காமல் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

சிவப்பு.

"இன்னொருக்காப் போட்டுப் பாப்பமா?" என்றாள் அத்தை.

"ஒருக்காத்தேன் கேக்கணும்." அப்பா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரி."

டிசம்பர் 14

அம்மா அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஒங்கையிலதான குடுத்தாரு. ரெண்டும் வெள்ளையா வைக்கத் தெரியாதா ஒனக்கு?"

சஷ்டி தவறாமல் விரதம் இருக்கிறவள்!

"அம்மா, அது சாமிய ஏமாத்துறது இல்லையா?"

"அவனுக்கு நம்ம நெலம தெரியாதா? தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டுப் போறான். ஒங்க அப்பா ஜீப்பு வாங்குனப்ப யாரு கட்டுனதுன்னு நெனக்கிற? இவ்வளவு படிச்ச புள்ளைக்கி இது தெரியலையே..."

முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். நம்புகிறவர்கள் அவனிடம் ஏமாற்று வேலை செய்கிறார்கள், உரிமையோடு. நம்பாத நான் நேர்மையாக நடந்து அப்பாவைக் கொன்றுகொண்டிருக்கிறேனா?

டிசம்பர் 15

அப்பாவிடம் பேசப் போனேன். இதய வால்வு பற்றி நான் படித்தது, சதவீதம், எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் போர்வையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமாக.

டிசம்பர் 17

அப்பா வெள்ளனே எழுந்து ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கே மூச்சிரைப்பு. நான் துணியைப் பிடுங்கினேன்.

"மதுரைக்குப் போன் போடு. வாரேன்னு சொல்லு."

எனக்கு விளங்கவில்லை. "சாமி வேண்டாம்னு சொல்லிருச்சேப்பா."

"சொல்லிச்சு. நான் மாட்டேன்னுட்டேன்."

"அப்படிச் சொல்லலாமா?"

"ஏன் சொல்லக் கூடாது? ஒங்க ஆத்தா சொல்றதெல்லாம் நான் கேக்கேனா? அதுக்காவ அவ பொண்டாட்டி இல்லேன்னு ஆயிருமா?" கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். "எம்புள்ள அழுகுது, நீ செவப்பக் குடுக்குறியேன்னு சாமிகிட்டக் கேட்டேன். பதிலு இல்ல. எனக்கு இப்பச் சரியான கோவம். பழத்துக்குக் கோவிச்சிக்கிட்டு மலை ஏறுன ஆளுக்கு என் கோவம் தெரியாமப் போயிருமா?"

உள்ளேயிருந்து அம்மா, "வெரசாப் போனப் போடுடி, மனசு மாறிறப் போறாரு!"

பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது யோசித்தேன். கிறிஸ்துமஸ் தாத்தாவோடு யாரும் சண்டை போட்டதில்லை. ஒரு தழும்பு போதும், அவர் போய்விடுவார். அப்பாவிடம் இருப்பது அப்படிப் போகிற பொருளாகத் தெரியவில்லை. பத்தொன்பது வயதில் அடிக்கோடு இட்ட அந்த வரி நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 25

அப்பா யாருக்கும் தெரியாமல் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டிருக்கிறார்.

ஜனவரி 7, 2025, மதுரை

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா முணுமுணுவென்று கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒரு நாவலை எடுத்து ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் யாரையோ கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தேன். யாரை என்று இங்கே எழுத மாட்டேன்.

மாலை நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது.

ஜனவரி 24

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். கட்டிலிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து வாசல். மூச்சு வாங்கவில்லை. அம்மா சாமி படத்துக்குச் சூடம் காட்டித் தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்னும் சமாதானம் ஆகவில்லையாம்.

"பொழச்சு வந்திருக்கீங்க, இன்னும் என்னங்க வீம்பு?"

"பொழைக்க வச்சது யாரு? அவன் வேண்டாம்னான்ல?"

பிப்ரவரி 11, தைப்பூசம்

அப்பா ஒரு வருடம்கூடப் பூசத்தைத் தவறவிட்டதில்லை. கோயில் மேட்டை ஏற டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. வடகவுஞ்சிக்கு என்னை அனுப்பினார்கள். கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்தார்.

"கோயிலுக்குப் போவேல்ல?"

"போவேன்."

"அவங்கிட்ட சொல்லு. பழனிக்குமாருக்குக் கோவம் இன்னும் தீரல. வண்டி எடுத்ததும் நேர்ல வந்து வச்சிக்கிறேன்னு சொல்லு."

அத்தை வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்த பிறகு மேட்டில் ஏறினேன். வெயில் நன்றாக இருந்தது. பூசாரியும் இறங்கிப் போய்விட்டிருந்தார். வேலுக்குச் சாத்திய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கீழே பூண்டுக் காட்டில் யாரோ தண்ணீர் திருப்பிவிடும் சத்தம்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனாலும் வெட்கமாக இருந்தது.

"அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரலையாம். வண்டி எடுத்ததும் நேர்ல வராராம்."

சத்தமாகவே சொன்னேன். பதில் ஏதாவது கொண்டுபோக வேண்டியிருக்குமோ என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.